மேம்பாலத்து இரட்டை எஞ்சின்

திண்டிவனம்
13.11.2025, வியாழக்கிழமை

வானத்திலிருந்து பாதியில் இறக்கிவிடப்பட்ட என் அக்கா வெண்ணிலா அவர்களின் சமூகத்துக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: நம் வீட்டு மிக்ஸி, வயது பதினொன்று, கடந்த செவ்வாய்க்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் சட்னி அரைக்கும் அரும்பணியில் ஈடுபட்டிருந்தபோது, ஒரு நீண்ட ஓலத்துடனும் கொஞ்சம் புகையுடனும் இயற்கை எய்தியது. அன்னாரின் ஜார்கள் மூன்றும் நலம். அம்மா ஒரு நிமிடம் மௌனம் காத்தாள். பிறகு அன்னாரின் தலையில் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தாள். அப்புறம் அரைபட்டதையும் அரைபடாததையும் கிண்ணத்தில் வழித்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் புனிதா அத்தையின் மிக்ஸியில் ஓட்டி எடுத்து வந்துவிட்டாள். இட்லி வேகிற நேரத்துக்குள் சட்னி தயார். ஆக, எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வது என்பது எட்டாவது படித்த பாஞ்சாலி அம்மையாருக்குத் தெரிந்திருக்கிறது. நூற்றெண்பது மணி நேரம் பறந்த வெண்ணிலா அம்மையாருக்குத் தெரியவில்லை. செய்திகள் முடிந்தன.

கடிதம் எழுதுகிற வழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். பரீட்சையில் ஐந்து மார்க்குக்காக எழுதியதுதான். அதிலும் "அன்புள்ள அக்கா" என்று எழுதக் கூசி, "அன்புள்ள நண்பா" என்றே எழுதிவிட்டு வருவேன். இப்போது ஸ்பீடு போஸ்ட் வரைக்கும் இறங்கி வந்ததற்குக் காரணம், நீ என்னை பிளாக் செய்திருப்பது. அப்படி என்ன செய்துவிட்டேன்? மூன்றாம் தேதி காலை பதினொன்றே காலுக்கு ஒரு படம் அனுப்பினேன். ஒரு மாட்டு வண்டி, இரண்டு மாடு, ஓட்டுகிறவன் இடத்தில் உன் மூஞ்சி, கீழே "ட்வின் எஞ்சின் பைலட்" என்று எழுத்து. என் கலை வாழ்க்கையின் சிகரம் அது. நீ "மாறா, நீதானா அனுப்பினது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாய். நான் பதிலுக்குச் சிரிக்கிற பொம்மை மூன்று அனுப்பினேன். அவ்வளவுதான், உன் படம் மறைந்து வெறும் வட்டம் வந்துவிட்டது. டெஸ்டில் தோற்றுவிட்டு நீ அப்போதுதான் விமானத்தை விட்டு இறங்கியிருந்தாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன சோழி உருட்டியா பார்க்கிறேன்?

அன்று சாயங்காலம் நீ போனில் அழுதது பூராவும் ஸ்பீக்கரில் கேட்டது. "ரெண்டு எஞ்சின் என்னால முடியலம்மா. இருபத்திநாலாந்தேதி மறுபடி டெஸ்ட்டு குடுத்துக்கிறாங்க, நான் போகப் போறது இல்ல. இருபத்திரண்டாந்தேதி டிக்கெட் போட்டுட்டேன், வர்றேன்" என்று நீ சொன்னாய். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். புனிதா அத்தை, கறிவேப்பிலை கேட்க வந்தவள், கேட்காமலே போய்விட்டாள். விமானம் என்ற சொல்லில் முதல் எழுத்தை மட்டும் நீ படிக்கிற மகாராஷ்டிராவில் விட்டுவிட்டு மீதி மூன்றெழுத்தையும் மொத்தமாக வாங்கிவிட்டாய், வாழ்க.

நீ மூக்கைச் சிந்திச் சிந்திச் சொன்னதிலிருந்து நான் திரட்டிய தகவல் இது. நான்கு பேர் உட்காருகிற குட்டி விமானம், இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின். டெஸ்ட் எடுக்கிறவர் மடித்த மேப்பைப் பிடிகளின் மேல் போட்டு மறைத்துக்கொண்டு, உனக்குத் தெரியாமல் ஒரு எஞ்சினை அடக்கினார். மூக்கு வலது பக்கம் திரும்பியது. நீ இடது காலை அழுத்தி நேராக்கினாய். அதுவரைக்கும் சரி. அப்புறம், செத்தது வலது எஞ்சின் என்று சின்னக் குழந்தைக்கும் தெரிகிற நேரத்தில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது எஞ்சினின் பிடியைப் போய் இழுத்துவிட்டாய். அவர் உன் கையைத் தட்டிவிட்டுத் தானே ஓட்டிக்கொண்டு வந்து இறக்கினார். கேட்கவே கேவலமாக இருக்கிறது. ரோட்டில் அப்பா ஓட்டுகிற பஸ்ஸில் கண்டக்டர் பெரியதம்பி அண்ணன் தவறான விசிலை ஊதினால்கூட அப்பா நிறுத்துவதற்கு முன் ஒரு தடவை கண்ணாடியில் பார்ப்பார்.

போன லீவுக்கு வந்தபோது நீ விட்டுப்போன நோட்டை எடுத்துப் பார்த்தேன். கொட்டை எழுத்தில் நீயே எழுதி வைத்திருக்கிறாய்: கண்டுபிடி, சரிபார், ஒருக்களி. எந்தக் கால் வேலையில்லாமல் சும்மா கிடக்கிறதோ அந்தப் பக்கத்து எஞ்சின்தான் செத்தது, அது கண்டுபிடிப்பது. அந்தப் பிடியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் பார்த்து, சத்தத்தில் மாற்றம் இல்லை என்றால் செத்ததுதான் என்று உறுதி செய்வது சரிபார்ப்பது. மூன்றாவது, நின்றுபோன எஞ்சினின் விசிறியைக் காற்றுக்கு ஒருக்களித்து வைப்பது. அப்படி வைக்காவிட்டால் அது காற்றில் சும்மா சுற்றிக்கொண்டு, ஓடுகிற எஞ்சினையும் பின்னுக்கு இழுக்கும். செத்த எஞ்சின் வெறும் பாரம் இல்லை, முட்டுக்கட்டை என்று பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதி, இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறாய். நீ இரண்டாவதைத் தாண்டிக் குதித்துவிட்டாய், அவ்வளவுதான் விஷயம். மூன்று சொல்லை வரிசையாக நினைவில் வைக்க முடியாதவளுக்கு எதற்கு இரண்டு எஞ்சின்?

இனி ஊர் நிலவரம். நெடுஞ்செழியன் மாமா, நம் அம்மாவின் அண்ணன் என்ற ஒரே தகுதியில், மேம்பாலத்துக்குப் பக்கத்தில் உனக்கு வைத்த பேனரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டெஸ்ட் மூன்றாம் தேதி. பேனர் இரண்டாம் தேதியே ஏறிவிட்டது. காது குத்துக்கும் கடை திறப்புக்கும் முதல் நாளே வைத்துப் பழகியவர்கள், டெஸ்டையும் ஒரு விசேஷம் என்று நினைத்துவிட்டார்கள். "03.11.2025 அன்று இரட்டை எஞ்சின் விமானத்தில் வெற்றிவாகை சூடிய எங்கள் குலவிளக்கே" என்று ஆரம்பிக்கிறது. மாமா முகம் பூசணிக்காய் அளவு. உன் முகம் எலுமிச்சம்பழம், அதுவும் பத்தாவது ஹால் டிக்கெட்டில் இருக்கிற போட்டோ. சுற்றிலும் பதினெட்டு உறவுக்காரர்கள், பாதிப் பேருக்குக் கூலிங் கிளாஸ். பின்னால் பறக்கிற விமானத்துக்கு நாலு எஞ்சின். நான் கேட்டேன். பேனர் கடைக்காரர், "ரெண்டு எஞ்சினு வச்ச படம் மாட்டலீங்க தம்பி, நாலுதான் கீது. ஒண்ணு ரெண்டு கூட இருந்தா நல்லதுதானே?" என்றார். அந்தப் பேனரைப் படம் எடுத்துத்தான் அம்மா மூன்றாம் தேதி விடிந்ததும் உனக்கு அனுப்பி வைத்தாள். வெற்றிவாகை சூடிவிட்டதைப் பார்த்துவிட்டுத்தான் நீ டெஸ்டுக்கே ஏறினாய். டெஸ்டுக்கு முன்னாலேயே நீ பாஸ் என்று மாமாவிடம் சொன்ன மகாபுத்திசாலி யார் என்று மட்டும் இப்போதைக்குக் கேட்காதே.

தோற்ற செய்தி தெரிந்த மறுநாளே மாமா வந்து நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "தோ பாரு பாஞ்சாலி, ஒத்த எஞ்சினு ஓட்டக் கத்துக்கிச்சு இல்ல? பொம்பளப் புள்ளைக்கு அது போறும். வந்து எறங்கச் சொல்லு. விழுப்புரத்தாண்ட காணையில ஒரு எடம் வந்துக்கினு இருக்குது. பையனுக்குச் சொந்தமா கரும்பு லாரி ரெண்டு ஓடுது" என்றார். இரண்டு லாரி, ஆக இரண்டு எஞ்சின். மாமா கணக்கில் உன் படிப்பு வீண் போகவில்லை. இருபத்தேழாம் தேதி நல்ல நாளாம், பெண் பார்க்க வருகிறார்களாம். பையன் போட்டோவைப் பார்த்தேன். லாரிக்கு முன்னால் நின்று சாவியைக் காட்டிக்கொண்டிருக்கிறான். அவன் சாவியைப் பார்த்தே உனக்குப் பேஜாராகிவிடும். அம்மா, "அவ வரட்டும், ஒரு வார்த்த கேட்டுக்கினு சொல்றேண்ணா" என்றாள். நீ வந்து இறங்கிவிட்டால் அந்த ஒரு வார்த்தைக்கு என்ன மரியாதை இருக்கும் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

அப்பாவுக்கு வருகிறேன். முருகையன் டிரைவர் பேசினால்தான் செய்தி. ஆனால் கண்டக்டர் பெரியதம்பி அண்ணன் ஒன்று சொன்னார். பேனர் வைத்த நாளிலிருந்து அப்பா விழுப்புரத்திலிருந்து வருகிற ஒவ்வொரு நடைக்கும் அந்த இடம் வந்ததும் ஒரு ஹாரன் அடிக்கிறாராம். எதிரில் வண்டி இல்லை, ஆடு மாடு இல்லை, ஆனாலும் ஒரு ஹாரன். நீ தோற்ற மறுநாள் அடிக்கமாட்டார் என்று அண்ணன் நினைத்தாராம். அன்றைக்கும் அடித்தார். "இன்னாத்துக்குண்ணே அடிக்கிற?" என்று கேட்டதற்கு, "ஒங்கிட்ட டிக்கெட் மிஷினு கீது, எங்கிட்ட ஹாரன் கீது, அவங்கவங்க வேலயப் பாரு" என்றாராம். மாமா பேனரைக் கழற்றப் போனபோது அப்பாதான் தடுத்தார். என்னைக் கூப்பிட்டு, "பேனரு இருக்கட்டும்டா. தேதிய மட்டும் ஒட்டி மறைச்சிடு. அவ எப்ப பாஸ் பண்றாளோ அப்ப எழுதிக்கலாம்" என்றார். மழை விட்ட ஒரு மத்தியானம், பன்னிரண்டு அடி ஏணியில் ஏறி, ஒரு கையில் வெள்ளைத் தாள், ஒரு கையில் பசை, எதையும் பிடிக்காமல் அனாயாசமாக ஒட்டிவிட்டு இறங்கினேன். நீ சொல்கிற உயரமெல்லாம் எனக்குப் படிக்கட்டு மாதிரி.

உயரம் மட்டுமா, ஓட்டுவதும் அப்படித்தான். விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடை மாடியில் சவுரிராயன் சார் என்று ஒருவர் பைலட் பயிற்சி மையம் நடத்துகிறார். தோளில் மூன்று தங்கக் கோடு. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை விமான நிலையத்துக்குப் போயிருக்கிறார், மச்சினனை வழியனுப்ப. ஏதோ ஒரு வேனிலிருந்து பிடுங்கிய சீட், காலுக்கு இரண்டு பெடல், எதிரில் ஒரு டிவி. எஞ்சின் சத்தத்துக்குத் தனியாகச் செலவில்லை, சீலிங் ஃபேனே போதும். போன சனியும் ஞாயிறும் அப்பா பஸ்ஸிலேயே போய் அதில் உட்கார்ந்தேன். அவர் பின்னாலிருந்து ஒரு பட்டனைத் தட்டி எஞ்சினை நிறுத்துவார், நான் சமாளிக்க வேண்டும். இருபத்துமூன்று தடவை. ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது என் தோளைத் தட்டி, "தம்பி, இத்தினி வருஷத்துல உன்ன மாரி ஒரு ஆள நான் பாத்ததே இல்ல" என்றார். அந்த வாய் யாரையும் சுலபத்தில் பாராட்டாது. நிஜ விமானம் கிடைத்தும் உனக்கு வராதது, செல்போன் கடை மாடியில் எனக்கு வந்துவிட்டது.

யோசித்துப் பார்த்தால் உனக்கு இரட்டை எஞ்சின் கற்றுக்கொடுத்தவனே நான்தான். நீ பதினொன்றாவது, நான் ஆறாவது. பள்ளிக்கூடத்தில் உனக்குக் கொடுத்த சைக்கிளில் நம் ஊரிலிருந்து திண்டிவனம் ஏழு கிலோமீட்டர், இரண்டு வருஷம், நான் கேரியரில். மேம்பாலத்து ஏற்றம் வந்ததும் நீ "எஞ்சின் ரெண்டு, ஸ்டார்ட்!" என்று கத்துவாய். நான் பின்னாலிருந்து கொக்குக் காலை நீட்டி, உன் செருப்புக்குப் பின்னால் பெடலில் வைத்து, புஸ் புஸ் என்று மூச்சு வாங்க மிதிப்பேன். அந்த இரண்டாவது எஞ்சின் இல்லாவிட்டால் நீ பாலத்துக்கு இந்தப் பக்கமே பன்னிரண்டாவது முடித்திருப்பாய். சில நாள் வேண்டுமென்றே "எஞ்சினு ஃபெயிலு" என்று காலைத் தூக்கிவிடுவேன். அப்போது நீ ஒரு தடவை, "நீ காலத் தூக்கினாத்தான்டா சைக்கிளு லேசா போவுது" என்றாய். நன்றி கெட்ட ஜென்மம். விமானப் படிப்புக்கான உதவித்தொகைப் பட்டியலில் உன் பெயர் வந்த அன்று எனக்கு ஒரு மாலை போட்டிருக்க வேண்டும், போட்டாயா?

ஆகவே, தாராளமாக வா. ரயில் ஏறி வந்து, கூலிங் கிளாஸ் போட்டதும் போடாததுமாகப் பதினெட்டுப் பேருக்கும் காபி கொடு. லாரிக்காரன் சாவியை ஆட்டும்போது தலையை ஆட்டு. உன் சீட்டில் நான் வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உயரத்துக்கு அஞ்சாத, ஒற்றை எஞ்சினில் ஓட்டத் தெரிந்த,
உன் தம்பி இளமாறன்

பி.கு.: உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். தபால் அலுவலகத்தில் எனக்கு முன்னால் ஒன்பது பேர். வரிசையில் நிற்கிறபோது என்னவோ மாதிரி இருந்தது, பிரித்துவிட்டேன். இங்கே பேனாவைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள், கை எட்டுகிற மட்டும் எழுதுகிறேன். கோணலாக இருந்தால் சகித்துக்கொள்.

சவுரிராயன் சார் என்னை மாதிரி ஆளைப் பார்த்ததே இல்லை என்று சொன்னது உண்மை. இருபத்துமூன்று தடவையும் விழுந்தவனை அவர் பார்த்ததில்லை. எந்தக் கால் சும்மா கிடக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை அக்கா, எனக்கு இரண்டு காலும் சேர்ந்தே அழுத்தின. நீ நேராகப் பிடிக்கவாவது செய்தாய். நான் அதற்குள்ளேயே யாருடைய மல்லாட்டைக் கொல்லையிலோ கிடந்தேன். ஏணியில் ஏறினபோது அப்பா கீழே ஏணியைப் பிடிக்கவில்லை, கூடவே இரண்டு படி ஏறி என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு ஆடியது.

மாமாவிடம் சொன்னது நான்தான். ஒன்றாம் தேதி வந்து, "இன்னாடா, ஒங்கக்கா இன்னும் ஓட்டிக்கினே கீறாளா, எப்பதான் முடியும்?" என்று பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "மூணாந்தேதியோட முடிஞ்சிது மாமா, பாஸு" என்றேன். மறுநாளே பேனர் அடித்துவிடுவார் என்று நினைக்கவில்லை. நீ அன்றைக்கு இரண்டாவதைத் தாண்டிக் குதித்தது உன் கையால் அல்ல, அந்தப் பேனரால் என்று எனக்குத் தோன்றுகிறது. உனக்கும் தோன்றியிருக்கும், அம்மாவிடம் சொல்லாமல் விட்டிருப்பாய்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எனக்கு முன்னால் இரண்டே பேர்தான், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

மேம்பாலத்தில் நான் மிதித்ததே இல்லை. ஒரு நாள்கூட. காலைப் பெடலில் வைத்துக்கொண்டு புஸ் புஸ் என்று மூச்சு மட்டும்தான் விட்டேன். என் கால் பாரத்தையும் சேர்த்து நீதான் சுற்றினாய். காலைத் தூக்கினால் லேசாகப் போகிறது என்று நீ சொன்னது சரி, நான்தான் சண்டை போட்டேன். உன் நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாயே முட்டுக்கட்டை என்று, அதைப் படித்ததும் கேரியரிலிருந்து நீட்டிய என் கால்தான் ஞாபகம் வந்தது. இரண்டு வருஷம் நீ ஒற்றை எஞ்சினில், செத்த எஞ்சினையும் இழுத்துக்கொண்டு, அந்தப் பாலத்தை ஏறியிருக்கிறாய். இப்போது வந்து முடியாது என்கிறாய்.

மூன்றாம் தேதி தரையில் இறங்கி அழுதுகொண்டிருந்தபோது நீ என்ன செய்தாய் என்று யோசித்துப் பார். முட்டுக்கட்டை எது என்று கண்டுபிடித்தாய். "மாறா, நீதானா அனுப்பினது?" என்று கேட்டுச் சரிபார்த்தாய். அப்புறம்தான் என்னை பிளாக் செய்து ஒருக்களித்து வைத்தாய். வரிசை மாறவில்லை, ஆளும் மாறவில்லை.

தயவுசெய்து என் பிளாக்கை எடுத்துவிடாதே. இருபத்திநாலாம் தேதி சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருக்கட்டும். காலைத் தூக்கிக்கொண்டுவிட்டேன், இனி இழுக்கமாட்டேன். நீ ஏறு அக்கா.